நான் பார்க்காமல் வெட்டிய நாலு நிமிஷம்

தியேட்டர் ஆபரேட்டர் சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்கள், இப்போது கேபினில் இருக்கிறவர்களுக்குப் பிரயோஜனமாக இருக்கட்டும் என்று கேட்டீர்கள். பட்டனைத் தட்டினால் ஓடுகிற மெஷினை வைத்திருப்பவர்களுக்கு நான் என்ன சொல்லித் தர முடியும்? உங்கள் மெஷின் என் மெஷினைவிட நல்ல மெஷின். அதில் எனக்குத் துளி வருத்தமும் கிடையாது. இருபத்தெட்டு வருஷம் மெஷின் விளக்கில் எரிகிற கார்பன் குச்சியின் புகையைக் குடித்தவன் அதை நினைத்து ஏங்க மாட்டான். நான் ஏங்குவது ஒரு படத்துக்காக. திருவண்ணாமலையில் அதை ஓட்டியவன் நான்தான். ஆனால் அதை முழுசாகப் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கவும் முடியாது.

படத்தின் பேரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. எழுபதுகளின் கடைசியில் வந்த கறுப்பு வெள்ளைப் படம். மற்ற படங்களில் ஹீரோவுக்கு நண்பனாக வந்து அடி வாங்குகிற ஒருவர்தான் இதில் ஹீரோ. வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவன் வேஷம். கடையின் பதினோராம் நம்பர் சைக்கிளை எவனோ எடுத்துக்கொண்டு போய் ஒரு நகைக்கடையில் கொள்ளையடித்துவிடுகிறான். போலீசுக்கு நகை வேண்டும். இவனுக்குச் சைக்கிள் வேண்டும். தேடிப் போன இடத்தில் கொள்ளைக் கூட்டம் இவனைத் தங்கள் புது ஆள் என்று நினைத்துச் சேர்த்துக்கொள்கிறது. உண்மையைச் சொன்னால் உயிர் போகும். சொல்லாமல் இருந்தால் அவர்களோடு அடுத்த திருட்டுக்குப் போக வேண்டும். போகிறான். பஞ்சர் ஒட்டுகிற சாமானை வைத்தே பூட்டைத் திறக்கிறான். போகப் போக அவர்களைவிடக் கெட்டிக்காரனாகிவிடுகிறான். வயிறு வலிக்கச் சிரிக்க வைத்துவிட்டு அடுத்த நிமிஷமே பயமுறுத்துகிற படம். அந்த மாதிரிப் படம் எடுக்க அப்போது யாருக்கும் துணிச்சல் இல்லை.

பாதிப் படம் எங்கள் ஊரில் எடுத்தது. தேரடி வீதிக்குப் பின்னால் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த ஏகாம்பரத்தின் கடைக்கு டைரக்டர் ஹீரோவைக் கூட்டி வந்து மூன்று நாள் உட்கார வைத்திருந்தார். பஞ்சர் எப்படிப் பார்ப்பது, வாடகைக்கு வருகிற ஆளை எப்படி எடை போடுவது என்றெல்லாம் ஏகாம்பரம்தான் சொல்லிக் கொடுத்தான். போகிறபோது, "உனக்கும் ஒரு சீன் தரேன்யா" என்று சொல்லிவிட்டுப் போனாராம் டைரக்டர். சொன்னபடி தரவும் செய்தார்.

ஏகாம்பரம் அதை என்னிடம் நூறு முறை சொல்லியிருப்பான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஷூட்டிங் நடந்த ஊரில் பாதிப் பேர் நடிகர்கள்தான். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர் முதல் சோடாக் கடைக்காரர் வரைக்கும் எல்லாரும் எனக்கு ஒரு சீன் இருக்கிறது என்றுதான் சொல்லித் திரிந்தார்கள். கூட்டத்தில் ஒரு தலையாக இவனும் தெரிவான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகை தீபத்துக்குத்தான் எங்கள் தியேட்டரில் அந்தப் படம் ரிலீஸ். தீபத்துக்கு எந்தப் படம் போட்டாலும் கூட்டம் வரும் என்பதால் விலை குறைந்த படமாகப் பிடிப்பது முதலாளியின் வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. வேறு எந்த ஊர் ஆபரேட்டருக்கும் இந்தத் தலைவலி இருந்திருக்காது. தீபத்தன்று மேட்னி ஐந்தரைக்குள் முடிந்தாக வேண்டும். மலை மேல் ஆறு மணிக்குத் தீபம் ஏற்றுவார்கள். ஐந்தரை தாண்டினால் படத்தில் யார் செத்தாலும் பிழைத்தாலும் ஜனம் ஒரே மூச்சில் எழுந்து வாசலுக்கு ஓடும். அதற்கு முந்தின வருஷம் அப்படி ஓடியதில் ஒரு அம்மாளுக்குக் கால் முறிந்துவிட்டது. ஐந்தரைக்கு ஹால் காலியாக இருக்க வேண்டும் என்று போலீசில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

அன்றைக்குப் பார்த்துப் படப்பெட்டி வரவில்லை. வேலூரிலிருந்து வந்த பஸ்ஸைக் கூட்டத்தால் ஊருக்கு வெளியே வேங்கிக்காலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஏகாம்பரம்தான் தன் சைக்கிளில் போய்ப் பெட்டியை கேரியரில் கட்டிக்கொண்டு, சட்டையெல்லாம் நனைந்து, இரண்டே முக்காலுக்கு வந்து சேர்ந்தான்.

"ஆபரேட்டரே, இந்தாங்க. எம் பொட்டிய நானே தூக்கினு வந்துட்டேன்" என்று சிரித்தான். "கீழ்பென்னாத்தூர்லேர்ந்து கன்னிம்மா ஊட்டு ஜனமெல்லாம் வந்துகீது. மூணு வரிசை எங்களுதுதான்."

கன்னியம்மா அவன் மனைவி. அவளுடைய அண்ணன் தம்பிகள் ஏகாம்பரத்தை மதிப்பதில்லை என்பது ஊருக்கே தெரியும். நிலம் நீச்சு உள்ளவர்கள். சைக்கிள் டியூபை வாளித் தண்ணீரில் முக்குகிறவனுக்குத் தங்கையைக் கொடுத்துவிட்டோமே என்று அவன் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் அழைத்து அவர்கள் வந்தது அதுதான் முதல் தடவை.

மூன்று மணிக்குப் படத்தைப் போட்டேன். கணக்குப் பார்த்தால் ஐந்து நாற்பத்தெட்டுக்கு முடியும். இருபது நிமிஷத்தைக் குறைக்க வேண்டும். மேனேஜர் படியில் நின்று கத்தினார். "ஒரு நிமிஷம் ஜாஸ்தி ஆச்சுன்னா நாளைக்கு லைசென்ஸ் இருக்காது, பாத்துக்க!"

வெட்டுவதில் நான் பெரிய கில்லாடி என்று எனக்கு ஒரு நினைப்பு. எங்கே வெட்டினேன் என்று படம் எடுத்தவனுக்கே தெரியாது என்று பீற்றிக்கொள்வேன். இடைவேளையைப் பாதியாக்கினேன். அதில் ஐந்து நிமிஷம். இரண்டு பாட்டை எடுத்தேன், ஒன்பது. கடைசியில் எல்லாரும் கோயிலுக்குப் போகிற காட்சி, இரண்டு. இன்னும் நாலு நிமிஷம் வேண்டும்.

மூன்றாவது ரீல் மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்பதாவது ரீலை வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிக்கொண்டே பார்த்தேன். படத்தை நான் முன்னால் பார்த்ததில்லை, பார்க்க நேரமும் இருக்கவில்லை. சண்டை இல்லாமல், பாட்டு இல்லாமல், பெண் இல்லாமல் ஒரு துண்டு தென்பட்டது. இரண்டு பேர் ஒரு சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறார்கள், அவ்வளவுதான். நகத்தளவு கட்டத்தில் முகம் எங்கே தெரியும்? சரியாக நாலு நிமிஷம் இருந்தது. கத்தரியைப் போட்டேன். இரண்டு முனையையும் ஒட்டினேன். எனக்கு நானே சபாஷ் கூடச் சொல்லிக்கொண்டேன்.

படம் நன்றாகத்தான் போயிற்று. ஹால் குலுங்கிற்று. ஒன்பதாவது ரீலுக்கு அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஹீரோ ஒரு கல்யாண வீட்டுக்குப் போகிறான். ஊரே கும்பிடுகிற ஒரு பெரிய மனிதர் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நேராகப் போய் அவர் வலது காலைப் பிடித்துச் செருப்பைக் கழற்றுகிறான். அந்தக் கால் ஊனம். "இவன்தான் கொள்ளைக்காரன்!" என்று கத்துகிறான். படத்தின் உயிரே அந்த இடம்தான். ஆனால் அந்தக் கால்தான் என்று இவனுக்கு எப்படித் தெரிந்தது? யாருக்கும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. இன்னாய்யா கதை இது என்று பெஞ்சு டிக்கெட்டில் விசில் அடித்தார்கள்.

ஐந்து இருபத்தெட்டுக்குப் படம் முடிந்தது. மேனேஜர் மேலே வந்து என் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆறு மணி ஆகப் போகிற நேரத்தில் ஏகாம்பரம் வந்தான். கீழே தெருவெல்லாம் ஜனம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. இவன் கேபின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஆபரேட்டரே, நான் எங்க போயிட்டேன்?"

"எந்த இடம்?"

"சைக்கிள் பக்கத்துல நின்னுக்கினு பேசுவேனே. நானும் அவரும்."

கழற்றிய துண்டு மேஜை மேல் சுருண்டு கிடந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். இப்போது பார்த்தால் முகம் தெரிந்தது. எப்படித் தெரியாமல் போயிற்று என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

"டயத்துக்காக எடுத்தேன். நீன்னு தெரியாது, ஏகாம்பரம். நாளைக்கு ஒட்டிடறேன்."

"நாளைக்கு யாரு பாப்பா? அவுங்க இப்பவே கெளம்பிட்டாங்க. பெரிய மச்சான் இன்னா சொன்னான் தெரியுமா? சினிமாலகூட உன்ன சேத்துக்கலியான்னு கேட்டான்."

அப்போதுதான் தீபம் ஏற்றினார்கள். அரோகரா என்று ஊரே சத்தம் போட்டது. நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒட்டியிருக்க வேண்டும், ஒட்டவில்லை. மறுநாளும் கூட்டம், அதற்கு மறுநாளும் கூட்டம். படம் சின்னதாக இருந்ததில் மேனேஜருக்குச் சந்தோஷம். தெப்பத் திருவிழா முடியட்டும் என்றார், நானும் சரி என்றேன். அதற்குள் கதை புரியவில்லை என்கிற பேச்சு ஊரெல்லாம் பரவி, ஐந்தாம் நாள் படத்தை எடுத்துவிட்டார்கள். நான் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பெட்டி அடுத்த ஊருக்குப் போய்விட்டது. பாட்டும் கோயில் காட்சியும் பெட்டியிலேயே இருந்தன. இந்தத் துண்டு மட்டும் என் அலமாரியில் தங்கிவிட்டது. பின்னாலேயே பார்சல் கட்டி அனுப்பியிருக்கலாம். கேள்வி வரும், மெமோ வரும் என்று பயந்து அனுப்பவில்லை. அந்த ஓட்டையோடுதான் அந்தப் பெட்டி எந்தெந்த ஊருக்கோ போனது. அந்த டைரக்டர் அதற்கப்புறம் படம் எடுத்ததாகக் கேள்விப்படவில்லை. நெகடிவ் என்ன ஆயிற்று என்று பல வருஷம் கழித்து விசாரித்துப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை. படம் ஓடாமல் போனதற்கு நான் ஒருத்தன்தான் காரணம் என்று சொன்னால் அதுவும் ஒரு பெருமையடிப்புதான். ஆனால் எங்கள் ஊரில் அதைக் கொன்றவன் நான்தான்.

தம்பிகளே, பாடம் என்று கேட்டால் இதுதான். பார்க்காததை வெட்டாதீர்கள். உங்களுக்கும் நெருக்கடி வரும். இடைவேளையை முன்னால் தள்ளு, பாட்டைத் தாண்டு, கடைசியில் பேர் ஓடுவதை நிறுத்து என்று மேலே இருக்கிறவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கும். அன்றைக்கு யாருக்கும் கால் முறியவில்லை, அதுவும் உண்மைதான். இருபது நிமிஷத்தைக் குறைத்தது தப்பில்லை. எந்த நாலு நிமிஷம் என்று பார்க்காமல் குறைத்ததுதான் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு நாளைக்கு என்று சொன்னது.

சில மாதம் கழித்து ஏகாம்பரம் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கடையில் வைத்துக்கொண்டான். யார் வந்தாலும் வெயிலில் பிடித்துக் காட்டுவான். அதில் அவன் அசையாமல்தான் இருப்பான். வழியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஒருதரம் ஓட்டிக் காட்டுங்களேன், ஆபரேட்டரே. நான் எப்பிடிப் பேசறேன்னு நானே பாக்கல" என்பான். பார்க்கலாம் என்பேன். மேனேஜர் ஊருக்குப் போகட்டும் என்பேன். ஆள் இல்லாமல் கார்பன் எரித்தால் கேள்வி வரும் என்பேன். உண்மையான காரணம் வெட்கம். அவனோடு ஹாலில் உட்கார்ந்து அதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. கோபித்துக்கொண்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் திட்டவே இல்லை. இப்படியே ஏழு வருஷம் போய்விட்டது.

ஒரு மாசி மாதம் மார்வலி என்று பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பி வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், ஹாலைப் பெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில், கன்னியம்மா டின்னோடு வந்து நின்றாள்.

"அண்ணே, எங்க ஊட்ல ஃபோட்டோன்னு பாத்தா கல்யாணத்துல எடுத்தது ஒண்ணுதான். அதுல அவரு அவரு மாதிரியே இல்ல. இதுல நடப்பேன், பேசுவேன்னு சொல்லிக்கினே இருப்பாரு. ஒருதரம் போட்டுக் காட்டுங்க."

நான் டின்னை வாங்கிக்கொண்டு கேபினுக்குப் படியேறினேன். எரித்து மிச்சமாகும் கார்பன் துண்டுகளை எங்கள் கேபினில் ஒரு மூலையில் போட்டுவைப்போம், அப்புறம் கொட்டிவிடுவோம். ஒரு துண்டு நாலு நிமிஷத்துக்குத் தாராளமாகப் போதும். அதைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஏழு வருஷமாக ஒவ்வொரு நாளும் அவன் கேட்டதைக் குப்பையில் கொட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

டின்னைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. வெயிலில் காய்ந்து பிலிம் சுருங்கியிருந்தது. ஓரத்துத் துளைகள் பல இடத்தில் விரிந்திருந்தன. மெஷினின் பல்லில் சரியாக உட்காரவில்லை. ஒருமுறை தாங்கினாலே பெரிது. அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். ஓட்டாதே, அப்படியே பத்திரமாக வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்வதும் இன்னொரு நாளைக்கு என்று சொல்வதாகத்தான் பட்டது. கேபின் ஜன்னல் வழியே பார்த்தேன். அவ்வளவு பெரிய ஹாலில் அவள் மட்டும் மூன்றாவது வரிசையில், டின்னின் மூடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விளக்கை அணைத்தேன்.

படம் குதித்துக்கொண்டே வந்தது. குதித்தாலும் ஏகாம்பரம்தான். பஞ்சர் கடைக்காரன் வேஷம், ரிப்பேருக்கு வந்த அந்தப் பதினோராம் நம்பர் சைக்கிள் பக்கத்தில் நின்றது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையை எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டு நடந்து வந்தான். சத்தம்தான் வரவில்லை. சுருங்கிய பிலிமில் ஸ்பீக்கர் கரகரவென்று இரைந்தது, காது தாங்கவில்லை. வேறு வழியில்லாமல் சத்தத்தை முழுக்கக் குறைத்தேன். உதடு மட்டும் அசைந்தது.

அப்போது கீழேயிருந்து குரல் கேட்டது. கன்னியம்மா பேசிக்கொண்டிருந்தாள். ஹீரோ கேள்வி கேட்டு முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, ஏகாம்பரத்தின் உதடு அசைகிற நேரத்தில் சரியாகச் சொன்னாள்.

"ஆள யாரு சார் பாத்தா? நான் வண்டியத்தான் பாத்தேன்."

"சீட்ட நாலு விரக்கடை மேல ஏத்திகீறான். நெட்டை ஆளு."

"எடது பெடலு பளபளன்னு கீது. வலது பெடல்ல தூசி போவல. வலது காலு வேலைக்கு ஆவாது."

"மணிய ஒருதரம்கூட அடிக்கல, துரு அப்பிடியே கீது. ஊரே வழி விடற பெரிய மனுசன் சார் அவன்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சத்தமாகவே சிரித்தேன். அந்தக் காட்சிக்கு எங்கள் ஊரில் விழுந்த முதல் சிரிப்பு அது. அந்தக் கல்யாண வீடும், அந்தச் செருப்பும், எல்லாமே எனக்கு அன்றுதான் விளங்கின. ஹால் நிறைந்து ஆயிரம் பேர் இதற்குச் சிரித்திருப்பார்கள், அந்த மூன்று வரிசையும் சிரித்திருக்கும் என்று நினைத்ததும் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

துளைகள் கிழிய ஆரம்பித்தன. அந்தச் சத்தம் ஆபரேட்டருக்கு உடனே தெரியும். உடனே மெஷினை நிறுத்து என்பதுதான் தொழில். நிறுத்தினால் பாதியாவது மிஞ்சும். சுவிட்சில் கை வைத்தேன். திரையில் அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான், கீழே அவளும் பேசிக்கொண்டிருந்தாள். கையை எடுத்துவிட்டேன். கடைசியில் அவன் சைக்கிளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சிரித்துக்கொண்டு போகிற வரைக்கும் ஓடிற்று. அப்புறம் வெறும் வெள்ளைத் திரைதான் மிஞ்சிற்று.

"அண்ணே, இன்னொரு தரம் போடுங்க" என்று கீழேயிருந்து கூப்பிட்டாள்.

கிழிந்ததையெல்லாம் பொறுக்கிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன். இனி ஓடாதும்மா, ஓட்டும்போதே போய்விட்டது, தெரிந்துதான் ஓட்டினேன் என்று உள்ளதைச் சொன்னேன். அவள் என் கையிலிருந்து அதை வாங்கி டின்னில் போட்டாள். மூடவில்லை. திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"எட்டு நாளு ஊட்ல நான்தாண்ணே அவருக்கு இந்த வசனத்தச் சொல்லிக் குடுத்தேன். நடுவுல மறந்துடுவாரு. இப்பவும் மறந்துடப் போறாரேன்னு பயத்துல ஒதட்டையே பாத்து எடுத்துக் குடுத்துக்கினே இருந்துட்டேன். மொகத்த எங்கண்ணே பாத்தேன்?"